காலால் மிதிக்கிற பெட்டி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் கல்லூரி இசைக்குழுப் பிள்ளைகள் கிதார் பெடல் வாங்கச் சங்கத்திடம் பணம் கேட்டிருக்கிறார்கள். "அந்தக் காலத்துல கிதாரைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன் நீதானே, எதை வாங்கலாம்னு பார்த்துச் சொல்லு" என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குத் தாமதம் ஆகாது, பயப்படாதீர்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிதார் கம்பியின் அதிர்வைப் பிக்கப் சிறு மின்சாரமாக மாற்றுகிறது. அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வழியில் மறித்து, உருமாற்றி அனுப்புவதுதான் இந்தப் பெட்டி. வாசிக்கிறவனுக்கு ரெண்டு கையும் வேலையில் இருப்பதால் காலால் மிதிக்கிறோம். எங்க முள்ளிப்பட்டுக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறியில் உட்கார்ந்தால் கை நாடாவைப் பார்த்துக்கொள்ளும், கால் மிதியைப் பார்த்துக்கொள்ளும்.

இது பிறந்த கதையே ஒரு கோளாறுதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகருக்கு ஒலிப்பதிவு நடந்தபோது, மிக்ஸரில் ஒரு தடம் பழுதாகி பேஸ் கிதார் கரகரவென்று கேட்டது. அதை அழிக்காமல் அப்படியே பாட்டில் வைத்துவிட்டார்கள். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்நாடி பிறகு அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டர் வைத்து வேண்டுமென்றே உண்டாக்கினார். 1962இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகு ஊரெல்லாம் அந்தச் சத்தம்தான்.

இனி என் கதை. 1996, இரண்டாமாண்டு. அப்பா ஒரு பாவு முழுக்க நெய்து வாங்கிய கூலியை எண்ணிக் கொடுத்தார். நான் சென்னைக்குப் போய், அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் இரண்டு டிஸ்டார்ஷன் பெடல்களை மிதித்துப் பார்த்தேன். ஒன்றின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு. விலை கூடியதை மிதித்ததும் உடம்பே சிலிர்த்தது. வேறு யோசனையே இல்லை, வாங்கிவிட்டேன். விலை குறைந்த பெட்டி விடுதி நண்பனிடம் இருந்தது. அவனுக்குக் காட்டிப் பெருமை அடிக்கலாமென்று அதையும் கடன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அப்பா தறிக்குழியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இருட்டில் தடவிப் பார்த்தே எந்த இழை அறுந்திருக்கு என்று சொல்கிற மனிதர். நான் மாற்றி மாற்றி வாசித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தறியை நிறுத்தாமலே கேட்டார்: "இன்னாடா, ரெண்டு பெட்டின்னு சொன்னே, ஒண்ணையேதானே திரும்பத் திரும்ப மிதிக்கிறே?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "உங்களுக்குத் தறிச் சத்தத்தில காது போயிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

கடையில் என்ன நடந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. விலை கூடிய பெட்டியில் சத்தத்தின் திருகு கொஞ்சம் அதிகமாக வைத்திருந்தது. அவ்வளவுதான். ஒலி கூடும்போது காதுக்கு அடிநாதமும் உச்சநாதமும் இன்னும் நிறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் 1933லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். சத்தம் கூடினதை நாம் 'தரம் கூடிருச்சு' என்று எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் நான் தற்செயலாக இரண்டையும் ஒரே அளவில் வைத்திருக்கிறேன். வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

அதனால் இந்த முறை பரீட்சை வேறு மாதிரி. மூன்று பெட்டிகள். 1978இலிருந்து வருகிற பாஸ் டிஎஸ்-1, ஆரஞ்சு நிறம். ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர், பச்சை. அந்தப் பச்சையின் மின்சுற்றைப் பார்த்துச் செய்த ஒரு மலிவுப் பெட்டி. குழுப் பிள்ளைகள் நாலு பேரையும் முள்ளிப்பட்டு வீட்டுக்கு வரச் சொன்னேன். செல்போனில் ஒலிமானி வைத்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். நடுவில் ஒரு பழைய பட்டுச் சேலையைத் திரையாகக் கட்டி, ஒரு பிள்ளை உள்ளே உட்கார்ந்து வாசிக்க, இன்னொருவர் பெட்டி மாற்ற, மற்றவர்கள் வெளியே காகிதத்தில் குறித்தார்கள்.

ஆரஞ்சையும் பச்சையையும் எல்லாருமே உடனே பிரித்துச் சொன்னார்கள். இரண்டும் அலையின் தலையை வெட்டுகின்றன, ஆனால் ஆரஞ்சு கத்தியால் சீவினமாதிரி வெட்டுகிறது, பச்சை வளைத்து மழுக்குகிறது. பச்சை அடிநாதத்தைக் குறைத்து நடுநாதத்தைத் தூக்கும். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுகிறமாதிரி இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் அதுதான் கூட்டத்தில் தனித்துக் கேட்கும். கடையில் தனியாக வாசித்துப் பார்த்தால் பச்சையைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

பச்சையும் அதன் மலிவுப் பெட்டியும்? இருபது தடவையில் பதினொன்று சரி. நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய அதேதான் வரும்.

ஒரு இடைச்செருகல். டிஸ்டார்ஷனில் ச-ப சேர்த்து வாசித்தால் கீழ் ஸ்தாயி ஷட்ஜமும் சேர்ந்து கேட்கும், கம்பீரமாக இருக்கும். ச-வோடு சுத்த ரிஷபத்தைச் சேர்த்து மிதித்தால் நாய்ச்சண்டைதான். டிலே பெடலில் கமகம் வாசித்தால் முந்தின அசைவு பிந்தினதன் மேல் ஏறி விழும். மீட்டலை மிகக் குறைவாக வையுங்கள். ராகம் வாசிக்கிற பிள்ளைகளுக்கு இது எந்தக் கடையிலும் கிடைக்காத ஆலோசனை.

இன்னொன்று. அன்று மாலை ஒரு பெட்டி 'உம்' என்று முனக ஆரம்பித்தது. பெட்டி கெட்டுப்போச்சு என்றார்கள். அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியைப் போட்டேன், முனகல் நின்றுவிட்டது.

ஆக, என் சிபாரிசு: ஒரு ஆரஞ்சு, மலிவுப் பச்சை ஒன்று, ஒரு டிலே. மிச்சப் பணத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி இணைப்புள்ள நல்ல மின்வழங்கி, நல்ல கேபிள்கள். விலை கூடிய பச்சைதான் வேண்டும் என்று நினைத்திருந்த ஒரு தம்பிக்கு முகம் வாடிவிட்டது. அந்த முகம் எனக்குத் தெரியும் தம்பி. 1996இல் நான் வைத்திருந்த முகம்தான் அது.

அப்பா இப்போது இல்லை. அவர் சொன்னதுதான் சரி என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. அந்தப் பெட்டி இன்னும் வேலை செய்கிறது, இன்றைக்கு எடுத்து வந்திருக்கிறேன். பின்வரிசை மேசையில் மற்ற மூன்றோடு வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து மிதித்துப் பாருங்கள். சத்தத்தின் திருகுகளில் கோந்துநாடா ஒட்டியிருக்கிறேன், அதை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம்.