முதற் கமரா எது?

2006ஆம் ஆண்டிலே கனன் 400டி, நிக்கொன் டி40 என்னும் இரு டிஜிற்றல் கமராக்கள் புதிதாய்ப் பழகுவோரை நாடிச் சந்தைக்கு வந்தன. முன்னையது ஒரு படத்தை ஏறக்குறைய 1 கோடி புள்ளிகளாற் பதிவது. பின்னையது 60 இலட்சத்தால். கடைக்காரர் முதலிற் சொல்வதும் இக்கணக்கையே. ஆயினும் அகலவாட்டில் எண்ணினால் 3888க்கு 3008. கால் பங்கிற்குச் சற்று மேலே கூடுதல், அவ்வளவே. 10 அங்குல அகலத்துக்குத் தெளிவாய் அச்சிட நிக்கொனே போதும்.

வேறுபாடு பெரிதும் வில்லையிலேதான் உண்டு. டி40இன் உடலில், வில்லையை இயக்கிக் குவியப்படுத்தும் மோட்டர் இல்லை. தந்தை விட்டுச்சென்ற நிக்கொன் வில்லைகள் பெட்டியில் இருக்கின்றனவே என்று மகிழ்ந்து அதனை வாங்குபவர், அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கையாலேயே திருப்பவேண்டும். மலையைப் படம்பிடிப்பவருக்கு அது தொல்லையன்று; ஓடியாடும் குழந்தையைப் பிடிக்க முயல்பவரோ களைத்துவிடுவார். மோட்டருள்ள புது வில்லைக்கு மீண்டும் பணம் வேண்டும். கனனின் ஈ.எஃப். வில்லைகளோ, 1987இல் தொடங்கிய நாள்முதல், மோட்டரைத் தம்முள்ளேயே கொண்டவை.

எனவே, பழைய கனன் ஈ.எஃப். வில்லை உடையவருக்கு 400டி பொருந்தும். வில்லை எதுவுமே இல்லாதவர் இலேசான டி40ஐத் தயங்காது கொள்ளலாம். தந்தையின் நிக்கொன் வில்லைகளைக் கைவிட மனமில்லாதவருக்கு இவ்விரண்டுமே ஏற்றவையல்ல. 2005இல் வந்த நிக்கொன் டி50இன் உடலில் அந்த மோட்டர் இருந்தது.