மனப்பாரம் இறக்க முதல்நாள் செல்வோருக்கு

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைக்கின்றனர். தமிழகத்திலிருந்து வந்த நம் இனத்தவரும் அங்கே கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் பணிபுரிகின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலை திருவிழாப் போல் காட்சியளிக்கும். எனினும், “நான் நலம்” என்று வீட்டாரிடம் தொலைபேசியில் கூறிவிட்டு, தேக்காவில் அத்தனை கூட்டத்தின் நடுவிலும் தனித்து அமர்ந்திருப்போர் உண்டு. உடல் நொந்தால் மருந்தகம் செல்கிறோம். மனம் நொந்தால் ஆலோசகரிடம் செல்லலாம். அவரை முதன்முறை காணச் செல்பவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதையே இன்று கூற விழைகிறோம்.

2020ஆம் ஆண்டில் கொவிட் நோய் பரவியபோது, சிங்கப்பூரின் விடுதிகளில் தங்கியிருந்த மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் பல மாதங்கள் வெளிச்செல்ல இயலாமல் அடைபட்டனர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேரை அந்நோய் தொற்றியது. கடனும் பிரிவும் அச்சமும் ஒருங்கே வாட்டின. அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டு மனிதவள அமைச்சு, தொழிலாளரின் மனநலத்திற்கெனத் தனிப் பணிக்குழுவை அமைத்தது. உழைப்பவனுக்கு மனமும் உண்டு என்பதை உலகம் உணர்ந்த காலம் அது.

ஆயினும், உதவி இருந்தும் பலர் தயங்குகின்றனர். “பைத்தியம் என்பார்களே” என்பது முதல் அச்சம். 1928இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை பின்னர் உட்பிரிட்ஜ் எனப் பெயர் பெற்றது. அப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. இன்று அது மனநலக் கழகம். ஆலோசகரைக் காண்பவர் எல்லாரும் மனநோயாளர் அல்லர். உறக்கமின்மை, கடன், குடும்பப் பூசல், குடிப்பழக்கம், உற்றாரை இழந்த துயர் ஆகிய யாவற்றிற்கும் அங்கே இடமுண்டு.

“முதலாளிக்குத் தெரிந்து வேலை போய்விடுமோ” என்பது இரண்டாம் அச்சம். நீங்கள் கூறுவதை உங்கள் இசைவின்றிப் பிறரிடம் கூறாதிருப்பது ஆலோசகரின் கடமை. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், சட்டம் கோரினாலும் மட்டுமே இதற்கு விலக்கு. இவ்வெல்லையை முதல் நாளே விளக்குவார், விளக்காவிடில் கேளுங்கள். நிறுவனமே ஏற்பாடு செய்த ஆலோசகரானால், “யாருக்கு அறிக்கை செல்லும்?” என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

“போலீஸ் வருமோ” என்பது மூன்றாம் அச்சம். தற்கொலை முயற்சி குற்றம் என்னும் சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020 சனவரி முதல் நாளிலும், மலேசியாவில் 2023இலும் நீக்கப்பட்டது. ஆகவே அவ்வெண்ணம் மனத்தில் எழுந்திருந்தால் அஞ்சாமல் கூறலாம்.

இனி, முதல் சந்திப்பு. தமிழ் பேசும் ஆலோசகரோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்றும், கட்டணம் உண்டா என்றும் முன்னரே கேளுங்கள். சென்றதும் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வர். பின்னர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசுவீர்கள். உறக்கம், உணவு, வேலை, வீடு பற்றி வினவுவார். “சாக வேண்டும் என்று எண்ணியதுண்டா?” என்றும் நேராகக் கேட்கக்கூடும். அது பழி சுமத்தும் கேள்வியன்று, காப்பதற்கான கேள்வி. விடை கூற மனமில்லாததற்கு, “பின்னர் சொல்கிறேன்” எனலாம். அழுதால் வெட்கமில்லை.

ஆலோசகர் கடனை அடைக்கமாட்டார். மருந்து எழுதுவதும் மருத்துவர் வேலையே. ஆனால் சிக்கலைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்க்கவும், உரிய இடத்திற்கு வழிகாட்டவும் துணைநிற்பார்.

ஒரே நாளில் துயர் தீராது. இதனை நம் தொழிலே கற்பிக்கிறது. 1888 முதல் 1912 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நிர்வகித்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரம் புண்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நல்ல ஆலோசகரும் மனத்தை அவ்வாறே மெல்லத் தொடுவார். முதல் நாள் திரும்புகையில் மனம் மேலும் கனத்தாற்போல் தோன்றலாம். அதனால் இரண்டாம் முறையைக் கைவிடாதீர்கள். இரண்டு மூன்று சந்திப்புக்குப் பின்னும் அவர் பொருந்தாவிடில் வேறொருவரைக் கேட்கலாம்; அது அவமரியாதையாகாது.

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பு ஆலோசனை வழங்குகிறது. அந்நாட்டு இந்தியக் குடும்பங்களுக்கு, 1991இல் தோன்றிய சிண்டா லிட்டில் இந்தியாவின் பீட்டி சாலையில் பணியாற்றுகிறது. 1969இல் உருவான சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்னும் எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம். மலேசியாவில் 1970 முதல் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு துயருற்றோருக்குச் செவிசாய்த்து வருகிறது.

பெருமக்களே! அடுத்த முறை பாலத்திற்கு அப்பாலிருந்து மகன் பேசும்போது, “பணம் அனுப்பினாயா?” என்பதற்கு முன்னர், “நன்றாக உறங்குகிறாயா?” என்று கேளுங்கள். அவன் தயங்கினால், ஆலோசகரிடம் செல்லுமாறு நீங்களே கூறுங்கள். பெற்றோர் வாயிலிருந்து அச்சொல் வந்தால், அவனுக்கு வெட்கம் விலகும், வழி திறக்கும்.