பூசும் முன் கொஞ்சம் பார்ப்போம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்று கற்பித்தல் முறை எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஒரு பழைய அலமாரியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் நூலகப் புத்தகங்கள் இருக்கும் மர அலமாரி அது. அதைப் போன்ற ஒன்று உங்கள் பள்ளியிலும் இருக்கும். கறுத்துப்போய், ஒரு கதவு சரியாக மூடாமல், ஒரு காலுக்குக் கீழே செங்கல் வைத்து நிற்கும். சென்ற ஆண்டு கட்டடத்துக்கு வண்ணம் அடித்தபோது கொஞ்சம் நீல எனாமல் மிச்சமானது. "இதையும் ஒரு கை அடிச்சுடறேன் டீச்சர், பளிச்சுனு ஆயிடும்" என்றார் பெயிண்டர். செலவும் இல்லை. ஆண்டு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஆனாலும் எனக்குச் சரி என்று சொல்ல வரவில்லை. நான் முன்பு செய்த ஒரு தவறுதான் காரணம்.

முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு பழைய மேசைக்கு நானே முன்னின்று பச்சை வண்ணம் அடிக்க வைத்தேன். முன்பலகை சொரசொரப்பாக இருக்கிறதென்று நன்றாகத் தேய்க்கவும் சொன்னேன். ஒரு மாதம் கழித்து வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுல எங்க அப்பா பேரு வெட்டியிருந்துச்சேம்மா" என்றார். கோபப்படவில்லை, போய்விட்டார். பல முறை அடித்த பெயிண்டில் தூர்ந்துபோயிருந்த எழுத்தைத்தான் நான் சொரசொரப்பு என்று நினைத்திருக்கிறேன்.

காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1950களின் இறுதியிலிருந்து நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நாம் அறிவோம். ஊர் மக்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் பள்ளிக்குக் கொடுத்தார்கள். நம் தளவாடப் பதிவேட்டில் 'பழைய மேசை 1' என்று ஒரே வரியில் இருப்பதற்குப் பின்னால் அப்படி ஒரு குடும்பம் இருக்கலாம்.

அதனால் பெயிண்டரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, உள்ளூர் ஆசாரி ஒருவரை அழைத்தேன். அவர் அலமாரியின் அடிப்பக்கத்தில், மறைவான மூலையில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்தார். பூச்சு இளகிப் பஞ்சில் பழுப்பாக ஒட்டியது. "இது அரக்கு பாலிஷ், டீச்சர். எனாமல் இப்படிக் கரையாது. உள்ளே நல்ல தேக்கு" என்றார். ஒரு காலைக் கரையான் அரித்திருந்தது. பின்பலகை மட்டும் எப்போதோ மாற்றிய பிளைவுட், ஊறி உப்பியிருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். "பிள்ளைங்களுக்குப் புத்தகம் எடுக்க அலமாரி வேணும். பழசைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் மூன்று விஷயங்களைப் பார்த்தோம். மரம் உறுதியாக இருக்கிறதா? வண்ணம் அடித்தால் எது மறையும்? தினமும் அது எதற்குப் பயன்படும்? சத்துணவுக் கூடத்து மேசையாக இருந்திருந்தால் நானே வண்ணத்துக்குக் கை தூக்கியிருப்பேன். அரக்கு பாலிஷ் சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. வெள்ளைத் தடம் விழும். புத்தக அலமாரிக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே தேக்குக்குப் பாலிஷ், புதிதாக மாற்றும் பின்பலகைக்கு அந்த நீல எனாமல் என்று முடிவு செய்தோம்.

ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் அதிகம் இருக்கலாம். அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூசு குழந்தைகளுக்குக் கேடு. ஸ்பிரிட்டோ எளிதில் தீப்பற்றும். ஆகவே இந்த வேலைகளில் மாணவர்களை ஈடுபடுத்தாதீர்கள். நாங்கள் விடுமுறை நாட்களில், திறந்த தாழ்வாரத்தில் செய்தோம்.

சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டார் ஆசாரி. மேல்பலகையில் அழுக்கு நீங்கியதும் எழுத்துகள் தெரிந்தன. 'உபயம்: எட்டாம் வகுப்பு மாணவர்கள், 1961'. அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் படவே இல்லை. மற்ற இடங்களை மெல்லிய உப்புத்தாளால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்த்தார். அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, துணிப்பொட்டணத்தால் மெல்லிசாகப் பல முறை பூசினார்.

ஆண்டு விழாவுக்குள் வேலை முடியவில்லை. விழாவன்று அலமாரி தார்ப்பாய் போர்த்தி ஓரமாக நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போதைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, 1961-இல் படித்தவர்களைத் தேடினார்கள். இரண்டு பேர் ஊரிலேயே இருக்கிறார்கள். இரண்டு பேருமே தாத்தாக்கள். வரும் சுதந்திர தினத்துக்கு அவர்களை அழைத்திருக்கிறோம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பெயிண்டர் வருவதற்கு முன், ஓர் ஈரத் துணியோடு உங்கள் பள்ளியின் பழைய மேசை, நாற்காலி, அலமாரிகளை ஒரு சுற்றுப் பாருங்கள். அதன் பிறகும் வண்ணம்தான் சரி என்று பட்டால், தாராளமாக அடியுங்கள்.