எழுதி வைப்போம், உறவைக் காப்போம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

கணக்கு, ஒப்பந்தம், பணியாளர் நலன் ஆகிய மூன்றைப் பற்றியும் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். இம்மூன்றிலும் எங்கள் குடும்பம் தவறிய வரலாற்றையே கூற விழைகிறேன்.

1976-இல் என் தந்தையாரும் அவருடைய நண்பரும் கூட்டாக ஜவுளிக்கடை தொடங்கினார்கள். தந்தையார் இட்ட முதல் 30,000 ரூபாய்; நண்பர் இட்டது 10,000 ரூபாய். இலாபத்தை மூன்றுக்கு ஒன்றாகப் பிரிப்பதென வாய்மொழியாகவே முடிவு செய்தனர். "நமக்குள் எழுத்து எதற்கு?" என்பதே இருவர் எண்ணமும்.

1998-இல் நண்பர் மறைந்தார். அவருடைய பிள்ளைகள் இலாபத்தில் சரிபாதி கேட்டனர். வாய்மொழி ஒப்பந்தமும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். ஆயினும் அதனை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க இயலாவிடில் பங்காளிகளுக்கு இலாப நட்டத்தில் சமபங்கு என்கிறது 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம். பிள்ளைகள் கேட்டதில் தவறில்லை. தந்தையார் சொன்னதிலும் பொய்யில்லை. இடையில் இல்லாமற்போனது ஒரு தாள் மட்டுமே.

கணக்கேடாவது கைகொடுத்ததா? இல்லை. வீட்டுச் செலவுக்கும் என் சகோதரியின் திருமணத்திற்கும் தந்தையார் கல்லாவிலிருந்தே எடுத்தார், எழுதவில்லை. கடை வேறு, உரிமையாளர் வேறு என்பதே கணக்கியலின் முதல் விதி. அவர் இடுவது முதல், எடுப்பது எடுப்பு. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பற்று, வரவு என இரு பக்கங்கள் உண்டு என்பது இரண்டாம் விதி. கடனுக்குத் துணி விற்றால் வாங்கியவர் பெயரில் பற்று, விற்பனைக் கணக்கில் வரவு. இவ்வாறு எழுதியிருந்தால் பேரேடே சாட்சி சொல்லியிருக்கும்.

பிணக்கு முற்றிக் கடை மூடப்பட்டது. ஆனால் மிகுதியும் இழந்தவர் பங்காளிகள் அல்லர். தொடக்க நாள் முதல் இருபத்திரண்டு ஆண்டுகள் எங்களிடம் உழைத்த விற்பனையாளரே. பன்னிருவர் பணிபுரிந்த கடை அது. பத்துப் பேருக்குக் குறையாத கடையில் ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் பணிக்கொடை என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் வருகைப் பதிவேடும் ஊதியச் சீட்டும் இல்லை. வெறுங்கையுடன் சென்றார். பல்லாண்டுகள் கழித்து அத்தொகையைக் கணக்கிட்டு அவர் மக்களிடம் நான் சேர்ப்பித்தேன். அதைப் பெற்றுக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.

அவ்வுரிமை இன்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கிறது; குறித்த கால ஒப்பந்தத்தில் பணிபுரிவோருக்கு ஓராண்டே போதுமானது.

எனவே மூன்று வேண்டுகோள்கள். கூட்டு ஒப்பந்தத்தை எழுதி, நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு பெறாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்குப் பொதுவாக வெளியார்மீது வழக்குத் தொடர இயலாது. கல்லாவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் அன்றே எழுதுங்கள். பணியாளருக்கு நியமனக் கடிதமும் ஊதியச் சீட்டும் கொடுங்கள்.

எழுதக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதே என்பதை நாம் அறிவோம். எழுத்து, நமக்குப் பின் வரும் பிள்ளைகளின் உறவைக் காக்கும் வேலி.