பிள்ளையின் தேர்வும் பெற்றோரின் பங்கும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தமிழ் முதுகலை பயின்று, ஆசிரியப் பணியின் பொருட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய மீமிசலுக்குச் சென்றவன் நான். ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே தங்கிவிட்டேன். அம்மாவட்டம் நமக்கு அயல்நாடு அன்று. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் நம் முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன.

உயர்கல்வி நிறுவனங்களில் இடம் தேடும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எவ்வாறு துணை நிற்பது என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். இது பற்றிப் பேச எனக்குள்ள தகுதி வெற்றியால் வந்தது அன்று. நான் செய்த ஒரு தவற்றால் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004ஆம் ஆண்டு. அக்காலத்தில் தமிழகத்தில் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. கலந்தாய்வுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் செல்ல வேண்டும். நானும் என் மகனும் மீமிசலிலிருந்து இரவுப் பேருந்தில் சென்றோம். என் மகனுக்குச் சிறு வயது முதலே கட்டட வேலையில் பெருவிருப்பம். தெருவில் எங்கேனும் வீடு எழும்பினால், கொத்தனார் நூல் பிடிப்பதை மணிக்கணக்கில் பார்த்து நிற்பான். கலந்தாய்வு மண்டபத்தில் கணினியின் முன் அமர்ந்தோம். அரசுக் கல்லூரி ஒன்றில் கட்டுமானப் பொறியியல் இடம் இருப்பதைத் திரை காட்டியது. அவன் விரல் அதை நோக்கி எழுந்தது. நான் அவ்விரலை மெல்ல விலக்கி, வேறொரு கல்லூரியின் மின்னணுவியலைக் காட்டினேன். அது அன்று எல்லோரும் விரும்பிய படிப்பு. அவன் ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை. திரும்பும் வழியில் அறந்தாங்கி வரையில் அவன் பேசவும் இல்லை. அதை நான் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டு முடிவில் ஏழு தாள்கள் நிலுவை. நான்கு ஆண்டுப் படிப்பு ஆறு ஆண்டுகளில் முடிந்தது. அந்த ஆறு ஆண்டுகளும் எங்கள் வீட்டில் உணவு உண்ணும் ஓசை மட்டுமே கேட்டது. பின்னர் அவன் தானாகவே கட்டடப் பணியில் சேர்ந்து, ஒவ்வொரு படியாகக் கற்று, இன்று நல்ல நிலையில் இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் என்னிடம் சொன்னான்: "அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அப்பா. நீங்கள் சொன்னதையேகூட மனம் ஒப்பி எடுத்திருப்பேன்."

முப்பது ஆண்டுக்கு மேல் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு, என் பிள்ளை சொன்ன பாடம் இது. படிப்பதும், தேர்வு எழுதுவதும், எதைப் படிப்பதென்று முடிவு செய்வதும் பிள்ளையின் பங்கு. அதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்வதும், முடிவு எதுவாயினும் தாங்கி நிற்பதும் பெற்றோரின் பங்கு. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளையின் பங்கில் நாள்தோறும் தலையிடுகிறோம். நம் பங்கைக் கடைசி நாள் வரை மறந்துவிடுகிறோம்.

முதலில் நம் பங்காகிய ஏற்பாட்டைப் பார்ப்போம்.

மீமிசலில் என் வீட்டுக்கு அருகே இட்லிக்கடை நடத்தும் தாய் ஒருவர் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர் மகள் அரசுப் பள்ளியில் படித்தாள். மருத்துவராக வேண்டும் என்பது அவள் விருப்பம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தாய் என்னிடம் நாட்காட்டியைக் கொண்டு வந்து, "ஐயா, என்னென்ன தேதிக்குள்ளே என்னென்ன செய்யணும்? வட்டம் போட்டுக் கொடுங்க" என்றார். பிள்ளையின் படிப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தகரப் பெட்டி ஒன்றில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ்கள், புகைப்படங்கள் என அனைத்தையும் படிகளோடு அடுக்கி வைத்தார். நீட் தேர்வுக்கு விண்ணப்பித்தபோதே, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கை நடைபெறும் வேளாண்மைப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாமா என்று மகளைக் கேட்டார். மகள் இசைந்தாள்.

நீட் முடிவு வந்தது, மதிப்பெண் போதவில்லை. அப்பெண் அழுதுகொண்டே கடைக்கு ஓடி வந்தாள். அத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு, "முதல்லே சாப்பிடு. வேளாண்மைக்கும் போட்டிருக்கோமே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்பெண் குடுமியான்மலை வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தாள். எத்தனை பட்டம் பெற்றவனாயினும், 2004இல் நான் அந்தத் தாயளவு படித்தவனாக இருக்கவில்லை.

அந்தத் தகரப் பெட்டி நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அதற்குச் சில குறிப்புகள் சொல்கிறேன்.

ஆதார் அட்டையிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த நாளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பதினொன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள். நம் தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் நின்று தொல்லை தரும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மைய அரசின் நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் இடம் கோருவோர்க்கு வேண்டிய சான்றிதழ், நம் மாநிலச் சாதிச் சான்றிதழினின்று வேறான படிவம். அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அல்லது அதற்குப் பின் பெற்றதாக இருத்தல் வேண்டும். 2014 சனவரியில் சமண சமூகம் தேசிய அளவில் சிறுபான்மைச் சமூகமாக அறிவிக்கப்பட்டது. ஆதலால் சிறுபான்மைச் சான்றிதழையும் பெற்று வைத்தல் நலம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடங்கள் உள்ளன. அதற்கு எந்தெந்த வகுப்பை எங்கே பயின்றார் என்னும் சான்று தேவை.

ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். ஆனால் மொழியை விண்ணப்பிக்கும்போதே குறிக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்குரிய ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகிறது. அடுத்தடுத்த ஈராண்டுகளில் இரு முறை மட்டுமே எழுத இயலும். இவற்றையெல்லாம் அறிந்து வைப்பது நம் பங்கு. பிள்ளை வேதியியல் படிக்கும் நேரத்தில் இ-சேவை மையத்தின் வரிசையில் நிற்கலாகாது. அங்கே நிற்க வேண்டியவர் நாம்.

அடுத்து, விருப்பப் பட்டியல். இன்று கலந்தாய்வுகள் இணையத்தில் நடைபெறுகின்றன. கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாகக் குறிக்க வேண்டும். "கிடைக்காததை முதலில் எழுதினால் கிடைக்க இருப்பதும் போய்விடுமே" என்று பெற்றோர் பலர் அஞ்சி, பிள்ளை விரும்புவதைக் கீழே தள்ளுகின்றனர். இது தவறான அச்சம். கணினி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைத் தருகிறது. முதலில் எழுதியது கிடைக்காவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும். அதனால் இழப்பு ஏதுமில்லை. ஆனால் ஒன்றைக் கீழே எழுதிவிட்டு, மேலே உள்ளது கிடைத்தபின் வருந்திப் பயனில்லை. எனவே பட்டியல் உண்மையான விருப்ப வரிசையில் அமைய வேண்டும். எவருடைய விருப்பம் என்றால், அங்கே நான்கு ஆண்டுகள் அமர்ந்து படிக்கப் போகிறவருடைய விருப்பம். கட்டணம் எவ்வளவு, தொலைவு எவ்வளவு, வீட்டின் நிலை என்ன என்பவற்றை ஒளிக்காமல் பிள்ளையிடம் கூறுங்கள். எல்லையைக் காட்டுவது நம் கடமை. அந்த எல்லைக்குள் வரிசையை எழுத வேண்டியது பிள்ளையின் விரல். 2004இல் நான் விலக்கியது அந்த விரலைத்தான்.

இனி, வீட்டில் நாம் பேசும் சொல்லைப் பற்றி.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் ஐந்து மாதத்தை எண்ணிப் பாருங்கள். சனவரியில் ஜே.இ.இ. முதல் அமர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு, ஏப்ரலில் ஜே.இ.இ. இரண்டாம் அமர்வு, மே மாதத்தில் நீட். இத்தனைக்கும் நடுவே, "எத்தனை மதிப்பெண்?", "அந்த வீட்டுப் பையன் எத்தனை?", "உனக்காக எவ்வளவு செலவு செய்கிறோம் தெரியுமா?" என்னும் கேள்விகள். மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் தீங்கு செய்யாதிருப்பதே அகிம்சை என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்தி சாய்ந்தபின் உண்பதில்லை. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் காக்கும் நம் வீட்டில், பதினேழு வயதுப் பிள்ளையின் நெஞ்சு நம் சொல்லால் புண்படலாமா?

நம் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில், நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமைகள் சொல்லப்பட்டுள்ளன. பல ஆண்டுகள் அப்பகுதியை வகுப்பில் நடத்தினேன். அவை தேர்வு எழுதும் பிள்ளையின் பெற்றோருக்கும் பொருந்தும் என்பது பின்னரே விளங்கிற்று. நிலம் மிதிப்பவனையும் தாங்கும். தேர்வுக் காலத்தில் பிள்ளை எரிந்து விழுந்தால் நாம் நிலமாக இருக்க வேண்டும். நிறைகோல் இரு பக்கமும் சாயாது. நம் ஆசையைத் தட்டில் வைத்து அழுத்தாமல் எடைபோட வேண்டும்.

ஒரு கணக்கையும் சொல்கிறேன். 2024இல் நீட் எழுதியோர் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அதாவது இருபது பேரில் ஒருவருக்கே இடம். மற்றப் பத்தொன்பது பேரும் அறிவில்லாதவர்களா? இடம் இல்லாமையைத் திறம் இல்லாமையாக எண்ணிக்கொள்வது பெரும்பிழை. இந்தக் கணக்கைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள். முடிவு வந்தபின் சொன்னால் அது ஆறுதலாகத் தோன்றும். முன்பே சொன்னால் உண்மையாக நிற்கும். இரண்டாவது, மூன்றாவது வழிகளையும் அப்போதே சேர்ந்து எழுதி வையுங்கள். மீண்டும் ஓராண்டு முயல்வதா என்பதை முடிவு வந்த அன்றே தீர்மானிக்க வேண்டா. பிள்ளை நன்றாக உறங்கி எழுந்து, தானாகச் சொல்லட்டும்.

மற்றொன்றை மனம் கனத்துச் சொல்கிறேன். தேர்வு முடிவுகளை ஒட்டி இளம் உயிர்களை இழந்த செய்திகளை நம் மாநிலம் பலமுறை கேட்டுவிட்டது. பிள்ளை உண்ண மறுத்தால், உறக்கம் கெட்டால், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், "எல்லாம் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். நான் அன்று என் மகனின் மௌனத்தைக் களைப்பு என்று எண்ணியது போல் எண்ணிவிடாதீர்கள். அருகில் அமருங்கள். கேளுங்கள். தமிழக அரசின் 104 என்னும் எண்ணிலும், மைய அரசின் டெலி மானஸ் 14416 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். மருத்துவரிடம் செல்வதில் இழிவு ஏதுமில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். முடிவு செய்யும் உரிமை உங்களுடையது என்றால், முயலும் கடமையும் உங்களுடையதே. உங்கள் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெற்றோர் தாமே அறிந்துகொள்வர் என்று காத்திராதீர்கள். என் மகன் அன்று பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகள் போயின.

பெற்றோர்களே, இன்று விழா முடிந்து வீடு திரும்பியதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பிள்ளையை அருகில் அழைத்து, "உனக்கு என்ன படிக்க விருப்பம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும் வரை பேசாதிருங்கள். விடை வரச் சற்று நேரம் ஆகலாம். சில வீடுகளில் சில நாட்களும் ஆகலாம். காத்திருங்கள். அறந்தாங்கி வரையிலான அந்தப் பேருந்துப் பயணத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.