கெண்டைக்கால் வலி வாயுவா?

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில், முகத்துவாரத்திலிருந்து வலையைச் சுமந்து வரும் ஒருவர் பாதி வழியில் நின்று கெண்டைக்காலைப் பிசைகிறார். இரண்டு நிமிடம் நின்றால் வலி போய்விடும். நடந்தால் திரும்ப வரும். கேட்டால், "வாயு" என்பார். பல நேரம் அது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதன் அறிகுறி.

முதல் குற்றவாளி பீடி. புகைபிடிக்கும் இளவயது ஆண்களின் விரல்களை அழுகவைக்கும் நோய் ஒன்றை 1908-ல் நியூயார்க் மருத்துவர் லியோ பியூர்கர் விவரித்தார். நம் நாட்டுப் பீடிக்காரர்களிடம் அது இன்றும் உண்டு. அடுத்தது சர்க்கரை. அதனால் மரத்துப்போன பாதத்தைக் கிளிஞ்சல் கிழித்தாலும் தெரியாது. புண் பெருத்த பிறகே தெரியும்.

சோதனை எளிது. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

அடைப்பு முற்றினால், காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து மாற்றுப்பாதை போடுவார்கள். இந்த அறுவையில் உயிருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் காலால் அல்ல, இதயத்தால். அதனால்தான் கால் வலிக்குப் போனவருக்கு ஈசிஜி, எக்கோ எல்லாம். சிறுநீரகம் பழுதென்றால் ஆபத்து இன்னும் கூடும். அறுவைக்குப் பின்னும் பீடியை விடாதவருக்குப் புதுப்பாதை அடைபடும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. டாக்டர் கைராசிக்காரரா என்று விசாரிக்கிறோம். நோயாளி பீடியை விட்டாரா என்று யாரும் விசாரிப்பதில்லை!

சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. திடீரென்று கால் சில்லிட்டு, வெளுத்து, கடுமையாக வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். காலைக் காப்பாற்றக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான்.