தொற்று வந்தாலும் பிள்ளை தாயிடம்தான்
(ஸ்ரீரங்கத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம்ம மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரியாததா? காவிரியில் வெள்ளம். பிரசவம் பார்க்க வரவேண்டிய அம்மா அக்கரையிலேயே நின்னுட்டாங்க. சாமியே தாயாக வந்து பேறு பார்த்தார் என்று சொல்கிறோம். 2020-ல் கொரோனா வந்தப்போ வெள்ளம் இல்லை, பயம்தான். ஒரே வீட்டுக்குள்ள தாய் ஒரு அறை, பச்சப்பிள்ளை ஒரு அறை.

"பால்ல கிருமி போயிடும், புட்டிப்பால் கொடு" என்று சொன்ன பெரியவங்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆரம்பத்தில் சீனாவிலும் அமெரிக்காவிலும் டாக்டர்களே பிரித்து வைக்கத்தான் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2020 ஜூலையில் அதை மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமோ, தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கட்டும், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள் என்றது. தாயின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி பால் வழியாகத்தானே பிள்ளைக்குப் போகிறது!

பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். பத்து நாள் பிரித்து வைத்தால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், பிறகு வற்றும். அப்புறம் மாவுப்பால்தான். டப்பா விலை குழுக் கடனில் போய் நிற்கும். தண்ணி சரியா கொதிக்கலை, புட்டி சரியா கழுவலைன்னா வயிற்றுப்போக்கு வேறு. பச்சப்பிள்ளைக்கு அதுதான் எமன்.

எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நெஞ்சுச் சூடே மருந்து. கங்காரு பராமரிப்பு என்பார்கள். அதை எல்லா இடத்திலும் கொடுத்தால் 1,25,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றலாம், கொரோனாவால் இறக்கக்கூடியவை 2,000-க்கும் குறைவு என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. எது பெரிய ஆபத்து, நீங்களே பாருங்க.

கொரோனாவோ வேறு சளிக் காய்ச்சலோ வந்த தாய் முகக்கவசம் போட்டுக்கணும், பிள்ளையைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவணும். மார்பில் இருமல் தெறிச்சிருந்தால் மட்டும் கழுவினால் போதும். பிள்ளைக்கு முகக்கவசம் கூடவே கூடாது. மூச்சு முட்டும். தாய்க்கு எழுந்திருக்கவே முடியலையா? பாலைப் பீய்ச்சி, கொதிக்க வைத்த பாத்திரத்தில் எடுத்து, நல்லா இருக்கிற ஒருத்தர் பாலாடையில் புகட்டட்டும். உடம்பு தேறியதும் திரும்ப மார்பில் போடுங்க, பால் ஊறும்.

வற்றிப்போச்சு என்று நீங்களே முடிவு கட்டாதீங்க. கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்க, இல்லைன்னா 104-க்குப் போன் போடுங்க.